டீச்சர் பதில்கள்: முதல் மார்க்குக்குப் பின் வரும் விடுமுறை

மே மாதத்துக் கடிதங்கள் தனி ரகம். மற்ற மாதங்களில் "பிள்ளை புத்தகத்தையே தொட மாட்டேன் என்கிறான்" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். ரிசல்ட் வந்த பிறகு, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டிலிருந்து கடிதம் வர ஆரம்பிக்கும். கல்குளம் தாலுகா அரசுப் பள்ளிகளில் 31 வருடம் கணக்கு எடுத்தவள் நான். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பற்றி வகுப்பில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். "அது தானாப் படிச்சுக்கிடும்" என்று விட்டுவிடுவோம். நானும் விட்டிருக்கிறேன். அதனால் இந்த மாதம் அந்தப் பிள்ளைகளுக்காகவே ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் 500-க்கு 491 எடுத்திருக்கிறாள். கணக்கில் 97. அந்த மூன்று மார்க்குக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் நீட் கோச்சிங் போய்விட்டார்கள். இவளை எதில் சேர்ப்பது, என்ன சொல்லி எழுப்புவது? — ஒரு தாய், தக்கலை

பதில்: முதலில் அவள் தூங்கட்டும் அம்மா. பத்து நாள் தூங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு வருடமாக விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்த பிள்ளை அது.

கோச்சிங் பற்றி என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நீட் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ப்ளஸ் ஒன் பாடத்தை மே மாதமே ஒரு தடவை ஓட்டிவிட்டால், ஜூனில் வகுப்பில் உட்காரும்போது "இது எனக்குத் தெரியும்" என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பு வந்த பிள்ளை கவனிக்காது. அதைவிட, பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கியும் மனதில் படியாமல் போன சில விஷயங்கள் இருக்கும்: அடுக்குகள், திரிகோணவிகிதங்கள், வரைபடத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது. ப்ளஸ் ஒன் இயற்பியலில் நல்ல பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான், இயற்பியலால் அல்ல. தினமும் முக்கால் மணி நேரம் இவற்றைப் போட்டுப் பார்த்தால் போதும்.

மீதி நேரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அதற்கு மார்க் இருக்கக் கூடாது. விடை எந்த நோட்ஸிலும் அச்சாகி இருக்கக் கூடாது. ஆரம்பித்தால் முடிக்கிற வரை அவளே செய்ய வேண்டும். எதற்கு இப்படிச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு பிள்ளை கிடைத்தாள்.

பல வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவள். எப்போதும் முதல் மார்க். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் கேள்வி, "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்பதுதான். ஒரு கோடை விடுமுறையில் அவளிடம் சொன்னேன்: வீட்டு முற்றத்தில் இரண்டடிக் கம்பு ஒன்றை நேராக நடு. நம்ம ஊரில் சரியாக எத்தனை மணிக்கு உச்சிப்பொழுது என்று கண்டுபிடித்து வா.

"இதென்ன டீச்சர், பன்னெண்டு மணிதானே?" என்று சிரித்தாள். சரி, அளந்து பார் என்றேன்.

நாலாவது நாள் நோட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. "எனக்க கம்பு சரியில்ல டீச்சர். பன்னெண்டு மணிக்கு நிழலு குட்டையாவல்ல. அதுக்க பொறவுதான் குட்டையாவுது. அதுவும் தெக்க விழுது." தன் கையில்தான் தப்பு என்று முடிவே கட்டிவிட்டாள். முதல் மார்க் பிள்ளைகளுக்கு இது ஒரு பழக்கம். புத்தகத்தில் இருப்பதும் தான் பார்த்ததும் ஒத்துப்போகாவிட்டால், உடனே தன்மேல்தான் சந்தேகம் வரும்.

தெற்கே விழுவது சரிதான். நம்ம மாவட்டத்தில் ஏப்ரல் 11-ஐ ஒட்டிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அன்றைக்கு உச்சியில் நேர்க்கம்புக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே நின்று உச்சியைக் கடக்கும், அதனால் நிழல் தெற்கே போகும். இதை நான் சொல்லவில்லை. ஒரு தேங்காயையும் மேசை விளக்கையும் வைத்து அவளே சொன்னாள்.

நேரத்துக்கு வருவோம். நிழல் எப்போது மிகக் குட்டை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உச்சியை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிழல் கிட்டத்தட்ட ஒரே நீளமாக நிற்கும். அதனால் கம்பைச் சுற்றி நூல் கட்டி ஒரு வட்டம் போடச் சொன்னேன். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் நேரம், மத்தியானத்துக்கு மேல் திரும்பத் தொடும் நேரம், இரண்டுக்கும் நடுவில் உச்சிப்பொழுது. அவளுக்கு 10.51, 1.43 என்று வந்தது. நடு நேரம் 12.17.

ஏன் 12 இல்லை? நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகிறது. தக்கலை இருப்பது 77.3 பாகை அளவில். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். கணக்குப் போட்டால் நமக்கு உச்சிப்பொழுது 21 நிமிடம் பிந்தி வர வேண்டும். இதை அரைப் பக்கத்தில் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அப்போ 12.21 வரணும். எனக்கு 12.17 வந்திருக்கு. நாலு நிமிஷம் எங்க போச்சு?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை, தேடு என்றேன். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு ஆங்கில வானியல் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தாள். பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியனின் நாளும் கடிகாரத்தின் நாளும் வருடம் முழுக்க ஒத்துப்போகாது. நவம்பர் தொடக்கத்தில் வித்தியாசம் 16 நிமிடம் வரை போகும், மே நடுவில் 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாலு நிமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரிசல்ட் நாளில்கூட அந்த முகம் இல்லை.

ப்ளஸ் ஒன்னில் முதல் இயற்பியல் தேர்வில் 61 வாங்கினாள். அழவில்லை. விடைத்தாளைக் கொண்டுவந்து, "எங்க பிசகிச்சுன்னு பாக்கணும் டீச்சர்" என்று என் எதிரில் உட்கார்ந்தாள்.

உங்கள் மகளிடமும் இனி அந்த 97-ஐப் பற்றிப் பேச வேண்டாம். 491-ஐப் பற்றியும் பேச வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்களே பதில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். அவள் செய்ததில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "டிசம்பரில் காய்ச்சலோடு அந்த வடிவியல் கணக்கைத் திரும்பத் திரும்ப வரைந்தாயே, அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று. போனைப் பிடுங்காதீர்கள். அந்த நிழலைப் படம் எடுக்க அது வேண்டும்.

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்து எட்டுக்குப் போகிறான். வகுப்பில் முதல். நான் கடல் தொழில் செய்கிறேன். சம்மர் கேம்ப் எல்லாம் பணம் கட்டிச் சேர்க்க வசதி இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறோமோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. — ஒரு தகப்பன், முட்டம் பக்கம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பணம் கட்டிப் போகிற கேம்ப்பில் பிள்ளைகளுக்குக் கடற்கரையைப் படத்தில் காட்டுவார்கள். உங்கள் மகனுக்கு அது வாசலில் இருக்கிறது.

முதலில் காசு விஷயம். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு உண்டு. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் ப்ளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. குடும்ப வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மனத்திறன் கேள்விகளுக்கு யாரும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பழைய வினாத்தாள் பத்து வாங்கி இந்த விடுமுறையில் தினமும் 15 கேள்வி போடட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இஸ்ரோ நடத்தும் யுவிகா என்ற இளம் விஞ்ஞானிப் பயிற்சி. மே மாதம் இரண்டு வாரம் விண்வெளி மையத்திலேயே தங்கிப் படிக்கலாம், செலவு முழுவதும் அவர்களுடையது. அதற்கு எட்டாம் வகுப்பு மார்க்கைப் பார்ப்பார்கள். அறிவியல் கண்காட்சி, வினாடி வினா இவற்றில் கலந்துகொண்டதையும் பார்ப்பார்கள். ஆக வருகிற வருடம் உங்கள் மகனுக்கு முக்கியமான வருடம். அதற்கும் மேலே போனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. ஆயிரம் பேருக்கு, இளங்கலைப் படிப்பு முடிகிற வரை வருடம் 10,000 ரூபாய். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். தெரியாமலே தவறவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி விடுமுறைக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். சாளை, அயிலை, நெத்திலி, வாளை, கணவாய் என்று ஐந்து மீனை அவனே தேர்ந்தெடுக்கட்டும். தினமும் ஏலத்தில் ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போனது என்று மட்டும் எழுதட்டும். முப்பது நாள். காற்று எப்படி, எத்தனை வள்ளம் போனது என்று பக்கத்தில் ஒரு வரி. நம்ம மாவட்டத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமே இரண்டு உண்டு: கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, உங்கள் மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே படகு கரையில் கிடக்கும் மே மாதத்தில் இங்கே விலை ஏறுகிறதா? ஏறினால் எந்த மீனுக்கு? இதற்கு விடை எனக்கும் தெரியாது. அவன் நோட்டில்தான் இருக்கும்.

இன்னொன்று. ஐஸ் சீக்கிரம் உருகுகிறதே என்று நீங்களே தினமும் அலுத்துக்கொள்வீர்கள். ஒரே எடையில் மூன்று ஐஸ் துண்டு. ஒன்று தேங்காய் நாரில், ஒன்று மரத்தூளில், ஒன்று தெர்மாக்கோலில். இரண்டு மணி நேரம் கழித்து எதில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று டம்ளரில் அளக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிகள் இன்ஸ்பையர் விருதுக்கு மாணவர்களின் யோசனைகளை அனுப்புகின்றன. தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். மீன் பெட்டிக்கு ஒரு நல்ல யோசனை ஒரு மீனவர் மகனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

அவன் எழுதியதை ராத்திரி உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விலை தப்பாக இருந்தால் நீங்கள் திருத்துங்கள். அந்தப் பாடத்துக்கு நீங்கள்தான் வாத்தியார்.

கேள்வி: டீச்சர், நான் ஆறாம் வகுப்பிலிருந்து முதல் மார்க். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் என் தோழி என்னைவிட இரண்டு மார்க் கூட. அவளிடம் பேச முடியவில்லை. அதோடு ப்ளஸ் ஒன்னில் ஆங்கில மீடியம் சேர்க்கிறார்கள், பயமாக இருக்கிறது. — ஒரு மாணவி, அருமனை

பதில்: மக்களே, உனக்கு நான் ஒரு தப்பைச் சொல்கிறேன், நான் செய்த தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடைத்தாளை மார்க் வரிசைப்படிதான் கொடுப்பேன். கூடுதல் மார்க் முதலில். அப்படிக் கொடுத்தால் எல்லோருக்கும் உற்சாகம் வரும் என்று நினைத்தேன். ஒரு நாள் முதல் தாளை எப்போதும் வாங்கும் பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், ரோல் நம்பர் வரிசையில குடுப்பேளா? மத்தியானம் எனக்க கூட யாரும் சாப்பிட இருக்க மாட்டேங்கா." அன்றைக்கு மாற்றினேன். அதுவரை எத்தனை பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்தேனோ தெரியவில்லை.

உனக்கும் உன் தோழிக்கும் நடுவில் அந்த இரண்டு மார்க்கைக் கொண்டுவந்து வைத்தது பெரியவர்கள். நீ எடுத்துப் போட்டுவிடு. நாளைக்கே அவள் வீட்டுக்குப் போ. வாழ்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம், "ப்ளஸ் ஒன் புக் சேர்ந்து பாப்போமா" என்று மட்டும் கேள். அவளும் உன்னைப் பார்க்க முடியாமல்தான் வீட்டில் இருப்பாள்.

ஆங்கில மீடியத்துக்கு வழி இருக்கிறது. நம் அரசுப் பாடநூல் இரண்டு மொழியிலும் ஒரே பாடம்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நீ படித்து முடித்த பத்தாம் வகுப்பு அறிவியலின் ஆங்கிலப் புத்தகத்தை எடு. பாடம் உனக்கு ஏற்கெனவே தெரியும், சொல் மட்டும்தான் புதுசு. தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு நாளைக்கு மூன்று பக்கம் சத்தமாக வாசி. முடுக்கம், உந்தம், ஒளிவிலகல் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. ஜூனுக்குள் முந்நூறு சொல் சேர்ந்துவிடும். தமிழில் படித்ததை ஒருநாளும் குறையாக நினைக்காதே. வல்லன்குமாரன்விளைப் பக்கம் ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்த சிவன்தான் பிறகு இஸ்ரோவுக்குத் தலைவராக இருந்தார்.

கேள்வி: எங்கள் படிப்பகம் சார்பில் ஊர் விழாவில் பத்து, ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு ஷீல்டு கொடுக்கிறோம். இந்த வருடம் வேறு மாதிரி செய்யலாமா? — படிப்பகத்து இளைஞர்கள், குலசேகரம்

பதில்: செய்யலாம் தம்பிகளே, சந்தோஷமாகச் செய்யுங்கள். ஷீல்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு வேன் பிடித்து, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு நாள் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போங்கள். எல்லோரும் போய்ப் பார்த்த இடம்தானே என்பீர்கள். இந்தத் தடவை அளக்கப் போங்கள். ஒரு பாகைமானி, அதன் நடுவில் கட்டிய நூல், நூல் நுனியில் ஒரு கல். பாகைமானியின் நேர் விளிம்பு வழியாகப் பாலத்தின் மேல் விளிம்பைப் பார்த்தால், நூல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதுதான் கோணம். படி இறங்கிக் கீழே போய், கோணம் 45 பாகை காட்டுகிற இடம் வரை பின்னால் நகர்ந்து போகச் சொல்லுங்கள். அங்கிருந்து தூணின் அடி வரை உள்ள தூரத்தோடு கண் உயரத்தைக் கூட்டினால் பாலத்தின் உயரம். தரை ஏற்ற இறக்கமாக இருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை வரும். சண்டை போடுவார்கள். போடட்டும். கடைசியில் 115 அடி என்று சொல்லுங்கள். யார் ஏன் தவறினார்கள் என்று அவர்களே பேசட்டும். 1960-களில் பரளியாற்றுக்கு மேலே அந்த உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோன கணக்கு எப்படிப்பட்டது என்று அப்போதுதான் உறைக்கும்.

மேடையில் பெயர் வாசிக்கும்போது ஒரு மாற்றம் செய்யுங்கள். மார்க்கோடு நிறுத்தாமல், அந்தப் பிள்ளை செய்த ஒரு காரியத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். "காலையில் அப்பாவோடு ரப்பர் பால் எடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவள்" என்றால் அந்த ஊருக்கே அது யார் என்று தெரியும். அப்புறம், காலாண்டில் 38 வாங்கி முழுப் பரீட்சையில் 70-க்கு வந்த பிள்ளைகளையும் அதே வேனில் ஏற்றுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து பேரன் இரண்டு வாரம் வருகிறான். ஆறாம் வகுப்பு. ரொம்பக் கெட்டிக்காரன், ஆனால் லேப்டாப்பில் தினமும் மூன்று ஆன்லைன் வகுப்பு. எனக்குப் படிப்புத் தெரியாது. அவனை வைத்து என்ன செய்ய? — ஒரு பாட்டி, பூதப்பாண்டி

பதில்: பாட்டி, வகுப்பை ஒன்றாகக் குறைக்கச் சொல்லி மகனிடம் பேசுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஒரு காலை அவனை வடசேரி சந்தைக்குக் கூட்டிப்போய் மட்டி, செவ்வாழை, ஏத்தன், பேயன், ரசகதலி, பாளையங்கோடன் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சீப்பு வாங்குங்கள். தோல் நிறம், காம்பு, பழத்தின் வளைவு, எத்தனை நாளில் கறுக்கிறது என்று அவன் எழுதட்டும். மட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அது ஏன் நம்ம ஊர் மண்ணில் இவ்வளவு வாசம் என்று உங்களிடம் கேட்பான். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். படிப்புத் தெரியாது என்று மட்டும் அவன் காதில் விழச் சொல்லாதீர்கள்.

அவன் இருக்கும் நாளில் பௌர்ணமி வந்தால் சாயங்காலம் கன்னியாகுமரிக்குப் போங்கள். சித்ரா பௌர்ணமி என்றால் இன்னும் நல்லது. மேற்கே சூரியன் கடலில் இறங்கும்போது கிழக்கே நிலா ஏறும். இரண்டும் ஏன் நேர் எதிராக நிற்கின்றன என்று அவனிடம் கேளுங்கள். உடனே விடை சொல்லத் தெரியாமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான். நீங்களும் பேசாமல் சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஊருக்குத் திரும்பும் முன் அந்த வாழைப்பழ நோட்டை எனக்கு ஒரு தடவை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்க்க வேண்டும்.